கையில் இருந்த சூடு

சிவப்பு ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே ஆஸ்பத்திரி. அதன் முதல் மாடியில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். கிளாம்பாக்கம் போகிற பஸ்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. கையைக் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது. ஒருத்தன்கூட நிறுத்தவில்லை.

ஃபிளாஸ்க்குக்குள் இஞ்சி டீ இருந்தது. அவர் வாய்விட்டுக் கேட்ட டீ.

இதயம் பலவீனம் என்று சேர்த்திருந்தோம். சாப்பிட்டே சில நாள் ஆகியிருந்தது. கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்க மூடிக்கொள்வார். அன்றைக்குத் தானாகவே கண்ணைத் திறந்து, “ரூபி, ஒரு வாய் டீ குடிக்கணும் போல இருக்கு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீன் டீயை அவர் டீ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வெந்நீருக்குச் சாயம் பூசி விற்கிறார்கள் என்பார். ஒரு வாய் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுத் தனத்தை அவர் அருகில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்கு ஓடினேன். போகும்போது ரோடு வழிவிட்டது. திரும்பும்போது விடவில்லை.

ஒருவழியாகக் கடந்து, படியேறி, வார்டுக்குள் நுழைந்தேன். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். தனம் எழுந்து, தான் பிடித்திருந்த அவர் கையை அப்படியே எடுத்து என் கையில் வைத்தாள். “இப்பத்தாம்மா, கொஞ்சம் முன்னாடி” என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரரின் கை சூடாக இருந்தது.

அவர் இருக்கும்போதே நான் போய்ச் சேர்ந்தேனா, சேரவில்லையா? அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே கேள்வி இதுதான். இந்த வாரம் இந்தப் பத்தியில் எழுதப்போவதும் அதைத்தான்.

மூக்கில் நடப்பதல்ல

போன வாரம் லேபில் பல்லி விழுந்த கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் போன் செய்தீர்கள். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி ரிட்டயர் ஆனவள் நான். என் கோபம் பள்ளி முழுக்கப் பிரசித்தம். அதிலும், மூச்சும் சுவாசமும் ஒன்றுதான் என்று எழுதிய விடைத்தாளைப் பார்த்துவிட்டால் என் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். சுவாசம் எங்கே நடக்கிறது என்று கேட்டிருப்பேன். ‘மூக்கில்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு புண்ணியவதி, ‘மூக்கில், ஜலதோஷம் பிடித்தால் வாயில்’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மார்க் போடவில்லை. சிரிக்கவைத்ததற்காகப் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூச்சு விடுவது கேஸ் சிலிண்டரை வாசலில் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி. சமையல், அதாவது சுவாசம், நடப்பது உள்ளே. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் தனித்தனிச் சமையல்கட்டு. நாம் தின்ற சோறு சர்க்கரையாகி, ரத்தத்தில் ஏறி, செல்லுக்குள் போகிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி அடுப்புகள். ஆக்சிஜனும் அங்கேதான் வந்து சேர்கிறது.

சர்க்கரையைத் தூக்கித் தீயில் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். செல்லுக்கு அந்த அவசரம் கிடையாது. சிம்மில் வைத்துத்தான் எரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, கிடைக்கிற சக்தியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்ளும். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் ஏ.டி.பி. இமை கொட்டவும், இதயம் துடிக்கவும், எனக்குக் கோபம் வரவும் அதை அவிழ்த்துத்தான் செலவு செய்யவேண்டும். மிஞ்சுவது தண்ணீரும் கரியமில வாயுவும். பொட்டலத்தில் சிக்காமல் நழுவுகிற சக்தி சூடாக வெளியே வரும். தொட்டால் தெரிகிற நம் உடம்புச் சூடு அதுதான்.

இதில் இன்னொன்றும் உண்டு. நான் வகுப்பில் வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிற வரி அது. மூச்சு நின்ற அந்தக் கணத்திலேயே செல்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிடுவதில்லை. வாசலில் சிலிண்டர் வருவது நின்றாலும், இருக்கிறதை வைத்து உள்ளே கொஞ்ச நேரம் அடுப்பு எரியும். மூளை முதலில் தோற்கும். தோல் மாதிரி இடங்களில் இன்னும் நேரமாகும்.

இதை வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் எனக்காகச் சொல்லிக்கொண்டதில்லை.

சிவப்பும் நீலமும்

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் சாமுவேல் கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தார். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும்போது தோளில் ஒரு பை, பைக்குள் அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க். அதை அவர் பிடித்துக்கொண்டு போகிற அழகைப் பார்த்தால் கைக்குழந்தையோ என்று நினைத்து லேடீஸ் கம்பார்ட்மென்டில் இடம் கொடுத்துவிடுவார்கள்.

உள்ளே கண்ணாடி வைத்த பழைய காலத்து ஃபிளாஸ்க். ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்கித் தருகிறேன் என்றால் ஸ்டீலில் டீ வாசனை மாறிவிடும் என்பார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த இன்னொன்று, நீல ஃபிளாஸ்க், அட்டைப்பெட்டிக்குள் பரணில் கிடந்தது.

சுவாசம் நடந்தால் சூடு வரும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணில் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. முளைகட்டிய பச்சைப்பயற்றை ஒரு ஃபிளாஸ்க்கில் போடவேண்டும். அவித்துச் சாகடித்த பயற்றை இன்னொன்றில். இரண்டு வாயிலும் பஞ்சை அடைத்து, நடுவே தெர்மாமீட்டரைச் செருகி வைத்துவிட்டால் போதும். முளைத்த பயறு உயிரோடு இருப்பதால் சூடு ஏறும். அவித்தது ஏறாது.

பள்ளி லேபில் இருந்த ஃபிளாஸ்க்குகளில் ஒன்று உடைந்திருந்தது, இன்னொன்றை எறும்பு பிடித்திருந்தது. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய சிவப்பையும் பரணில் கிடந்த நீலத்தையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சோதனையைத் தொடங்கினேன். நீலத்தில் முளைத்தது, சிவப்பில் அவித்தது. திங்கட்கிழமை இரண்டையும் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

மனுஷனுக்கு முகமே செத்துவிட்டது. தன் ஃபிளாஸ்க்கில் செத்த பயறா என்று முணுமுணுத்தார். போதாக்குறைக்கு அவித்த பயற்றில் கிருமிநாசினி கலந்த தண்ணீரை வேறு ஊற்றினேன். ஆஸ்பத்திரி வாசனை வீடு முழுக்க வந்தது. இந்த வாசனை இனிமேல் போகுமா டீச்சர் என்று கேட்டார். கிண்டல் செய்யும்போதும் பயப்படும்போதும் நான் அவருக்கு டீச்சர். மற்ற நேரம் ரூபி.

ஆனால் சனிக்கிழமை விடிந்ததும் முதலில் எழுந்து தெர்மாமீட்டரைப் பார்த்தவர் அவர்தான். காப்பிக்கு முன்னால் ஒரு தடவை, பேப்பர் படித்துவிட்டு ஒரு தடவை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒரு தடவை. “நம்ம பயலுக்கு லேசா காய்ச்சல்” என்று நீல ஃபிளாஸ்க்கின் நிலவரத்தை எனக்கு வந்து சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் அப்படிச் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

டீ மூச்சு விடுகிறதா?

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தினமும் இந்த ஃபிளாஸ்க்கில் டீ சூடாகத்தானே இருக்கிறது, அப்படியென்றால் டீயும் சுவாசிக்கிறதா என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. டீயில் இருப்பது போட்டு வைத்த சூடு என்றேன். நேரம் ஆக ஆகக் குறையுமே தவிர ஏறாது. பயற்றில் இருப்பது தானாக உண்டாக்குகிற சூடு. உயிர் இருக்கிற வரைக்கும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

“சரி, ரெண்டு சூடு. புரிஞ்சிடுச்சு” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது ஒன்று இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவந்தது. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போனவர், அங்கிருந்தே கூப்பிட்டார். சிவப்பு ஃபிளாஸ்க்கிலும் சூடு ஏறியிருந்தது. அவித்த பயறு, செத்த பயறு, அதற்கு எப்படிச் சூடு வரும்? நான் தெர்மாமீட்டரைத் திட்டினேன். பஞ்சைத் திட்டினேன். பயறு சரியாக வேகவில்லையோ என்று அடுப்பையும் திட்டினேன். நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைக் காட்டுவது என்று புடவையை மாற்றாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக விஷயத்தைக் கக்கினார். வெள்ளிக்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கிருமிநாசினித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசி அலசி, ஃபிளாஸ்க்கையும் நன்றாகக் கழுவி, பழையபடி பஞ்சை அடைத்து வைத்திருக்கிறார். வாசனை ஒட்டிக்கொண்டால் டீ என்ன ஆகும் என்ற பயம். டீக்காகப் பெண்டாட்டியின் விஞ்ஞானத்தையே கவிழ்த்த மனுஷன் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் புதிர் அவிழ்ந்துவிட்டதே. மருந்து இல்லாததால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவித்த பயற்றில் குடியேறிவிட்டன. அதைத் தின்று, பெருகி, சுவாசித்துச் சூட்டைக் கிளப்பியிருக்கின்றன. பஞ்சை எடுத்ததும் ஊசிப்போன வாடை குப்பென்று அடித்தது.

“அது பயறோட சூடு இல்லீங்க. உள்ளே வந்தவங்களோட சூடு” என்றேன்.

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “யாரோடதா இருந்தா என்ன டீச்சர். ஜில்லுன்னு இல்லைல்ல.”

திங்கட்கிழமை வகுப்பில் சிவப்பு ஃபிளாஸ்க்கின் கதையையும் சேர்த்தே சொன்னேன். அந்த வருஷம் ஒருத்திகூட மூக்கு என்று எழுதவில்லை. ஃபிளாஸ்க்கைச் சோடா உப்புப் போட்டு, எலுமிச்சம் தோல் போட்டு, வெயிலில் கவிழ்த்து, என்னென்னவோ செய்து அவர் மீட்டு எடுத்தார். அடுத்த வாரமே அது கிண்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

தனம் சொன்ன கதை

தனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்கள் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள். ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தையெல்லாம் மனையாக்கிவிட்டு, மெயின் ரோட்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கழுத்தில் தடியாகச் சங்கிலி, காலில் ரப்பர் செருப்பு, வாய் ஓயாத பேச்சு. எங்கள் கிறிஸ்துமஸ் கேக் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகும். அவள் வீட்டு ஆடிக்கூழ் ஒரு தூக்கு நிறைய என் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரருக்கு அவள் தனம்மா. அவளுக்கு அவர் சார்.

அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் கதை சொன்னாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, டீச்சர் டீ வாங்கப் போயிருந்தாங்க, அதுக்குள்ள சார் போய்ட்டாரு என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்வாள். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அந்த ‘அதுக்குள்ள’ என்கிற வார்த்தை வரும்போதெல்லாம் எனக்குள் சுருக்கென்று தைக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. எத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தேன். அந்தக் கடைசிக் கொஞ்ச நேரம் அவளுக்குப் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

அதனால் அவள் சொல்லி முடித்ததும் நான் தொடங்கிவிடுவேன். ‘நான் வந்தப்போ அவர் கை சூடாத்தான் இருந்துச்சு. மூச்சு நின்னா செல் உடனே சாகாது. உள்ளே வேலை நடந்துகிட்டுத்தான் இருந்திருக்கும். டாக்டர் சொன்ன நேரம் டாக்டரோடது. நான் போய்ச் சேர்ந்துட்டேன்.’ வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். தனம் மட்டும் தரையைப் பார்ப்பாள். அவளுக்கு மறுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்தச் சூடு அவ்வளவு தேவையாக இருந்தது. காலையில் ரயில் சத்தம் கேட்கிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். கட்டிலின் அந்தப் பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். மெத்தை சில்லென்று இருக்கும். இரண்டு பேர் படுத்த கட்டிலில் ஒரு ஆள் சூடு குறைந்தால் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. அப்போது உள்ளங்கையை விரித்து அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்வேன். அவர் இருந்தார், கொஞ்சம் இருந்தார், நான் அவரைப் பிடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்திருப்பேன்.

சமையல்கட்டில்

வருஷம் திரும்பியதும் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம் வைத்தேன். போதகர் ஜெபித்தார், பாட்டுப் பாடினார்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நானும் எழுந்து, அந்தக் கையைப் பற்றித்தான் பேசினேன். செல், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சொன்னேன். சர்ச் மக்கள் ஆமென் என்றார்கள்.

வந்தவர்கள் டீயும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தனம் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றபோது அவள் கையில் அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“டீச்சர், சார் கை தானாவே சூடா இருந்துச்சுன்னு சொல்றீங்களே. அது நெசமா?”

ஏன் கேட்கிறாய் என்றேன்.

“நீங்க அந்தாண்ட போனதும் சார் கை சில்லுனு ஆய்டுச்சு. நீங்க வந்து தொட்டா பயந்துக்குவீங்கன்னு, ரெண்டு கையாலயும் புடிச்சி தேச்சிகினே இருந்தேன். டாக்டர் வந்து பாத்தப்பவும் வுடல. நீங்க வர்ற வரைக்கும் வுடல. அப்பாலிக்கு நீங்க சூடா இருந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்ல, எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. படிச்சவங்க நீங்க. அது சார் சூடு தானா டீச்சர்? நான் தேச்சதுல வந்தது இல்லியே?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இப்படிக் கழுவிக் கவிழ்த்துவிட்டாளே என்று இருந்தது. ஆமாம், அவருடையதுதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளும் நம்பியிருப்பாள். நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஆனால் கேள்வி கேட்டுவிட்டாளே. காலமெல்லாம் பாடம் நடத்தியவள் தப்பான விடைக்கு எப்படி மார்க் போடுவேன்? அவர் உடம்புக்குள் எங்கெங்கோ செல்கள் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும். அது உண்மை. ஆனால் சில்லிட்டுப்போன ஒரு உள்ளங்கையை அப்படிச் சூடாக்க அவற்றால் முடியாது.

அவள் கையில் இருந்த ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோடதா இருந்தா என்ன டீச்சர் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த முகம் வந்தது. அந்த மனுஷன் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தார் என்று எப்படி எழுதுவேன்.

“உன் சூடுதான் தனம்” என்றேன்.

அவள் முகம் கோணிக்கொண்டது. நான் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர், வாயை வச்சிகினு சும்மா இருந்திருக்கலாம் என்று அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். நான் போய்ச் சேரவில்லை. ரோட்டின் நடுவில்தான் நின்றிருந்தேன். ஆனால் அவர் கை சில்லென்று போனபோது அதை ஒருத்தி பிடித்திருந்தாள். கடைசிவரை விடவில்லை.

“எப்படிப் பிடிச்சிருந்தே, காட்டு” என்று வலது கையை நீட்டினேன்.

தனம் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். முதலில் ஈரமாக, சில்லென்று இருந்தது. பிறகு மெல்லச் சூடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதே சூடு. வார்டில் என் கைக்கு வந்து சேர்ந்தது இதேதான், எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

போதுமா டீச்சர் என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிரு” என்றேன்.